வன்னியைச் சுற்றி ஒரே நாளில் 130 கிலோமீற்றர்: நிதி சேர்க்கும் சைக்கிள் ஓட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

வன்னிக்குள் ஒரே நாளில் முடிக்கக்கூடிய நல்ல சுற்று ஒன்று இருக்கிறது. கிளிநொச்சியில் தொடங்கி ஏ9 வீதியால் பரந்தன். அங்கே கிழக்கே திரும்பி ஏ35 வீதியால் முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் கடந்து முல்லைத்தீவு. அங்கிருந்து ஏ34 வீதியால் முள்ளியவளை, ஒட்டுசுட்டான், ஒலுமடு வழியே மாங்குளம். மாங்குளத்தில் மறுபடி ஏ9 இல் ஏறி, கொக்காவில், முறிகண்டி தாண்டிக் கிளிநொச்சி. எல்லாம் சேர்த்து 130 கிலோமீற்றர் அளவில் வரும். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, மாங்குளம் என நான்கு இடங்களில் வைத்தியசாலை இருக்கிறது. தொடங்கிய இடத்திலேயே முடிவதால் ஆட்களையும் சைக்கிள்களையும் திருப்பி ஏற்றிவரும் லொறிக்கூலியும் மிச்சம்.

மூன்று மாதம் ஒழுங்காகப் பழகிய, பெரிய வருத்தம் இல்லாத எவரும் இதை முடிக்கலாம். கியர் சைக்கிள் கட்டாயம் இல்லை. இந்தச் சுற்றில் ஆட்களை விழுத்துவது வெய்யிலும் நேரமும்தான். ஆகவே கீழே சொல்வதெல்லாம் ஒரே கணக்கை வைத்துச் சொல்வது: காலை பத்து மணிக்கு முன் முல்லைத்தீவு, பொழுதுபட ஒரு மணித்தியாலம் இருக்கக் கிளிநொச்சி.

எந்த மாதம், எந்தப் பக்கமாக

பெப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் கிழமை. ஒக்டோபரில் தொடங்கும் மாரி தை மாதத்துடன் அடங்கிவிடும், குளங்கள் நிரம்பியிருக்கும், காலைகள் குளிர்ச்சியாக இருக்கும். ஏப்ரலில் வெய்யில் உச்சிக்கு ஏறுவதோடு பின்னேரங்களில் இடிமழையும் வரும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம். அந்தக் காற்றுக்கு எதிரே பரந்த வயல்வெளியில் உழக்குவது மலை ஏறுவதைவிடக் கடினம். மலையிலாவது இறக்கம் வரும்.

ஞாயிற்றுக்கிழமையை எடுங்கள். மணல், கிரவல் ஏற்றும் டிப்பர்கள் குறைவு. பாடசாலைகள் பூட்டியிருப்பதால் அதிபரிடம் முன்கூட்டியே கேட்டால் மத்தியானம் தங்க மண்டபமும் மலசலகூடமும் கிடைக்கும்.

பரந்தன் பக்கமாகத் தொடங்கி வலஞ்சுழியாகப் போவதற்கு இரண்டு காரணம். முதலாவது யானை. ஒட்டுசுட்டான் – மாங்குளம் வீதியின் காட்டுப் பகுதியில் யானைகள் வீதியைக் கடக்கும், முக்கியமாக விடியமுன்னும் பொழுதுபட்ட பின்னும். வலஞ்சுழியாகப் போனால் இருட்டுவிலகாத நேரத்தில் சனநடமாட்டம் உள்ள பரந்தன், முரசுமோட்டைப் பக்கம் நிற்பீர்கள். காட்டை மத்தியானத்துக்குப் பின் நல்ல வெளிச்சத்தில் கடப்பீர்கள். இரண்டாவது காற்று. பெப்ரவரியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். காலையில் அது மெல்லியது, முல்லைத்தீவு வரை எதிரே இருந்தாலும் சமாளிக்கலாம். பகலில் அது வலுக்கும்போது நீங்கள் தென்மேற்கே மாங்குளம் நோக்கித் திரும்பியிருப்பீர்கள், காற்று முதுகில் தள்ளும்.

நேர அட்டவணை

உருளும் வேகம் மணிக்கு 18 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு பழகிய ஆள் கதைத்துக்கொண்டே உழக்கக்கூடிய வேகம்.

காலை 6.00 – கிளிநொச்சி. விடிவது 6.25 அளவில். முன் விளக்கும் பின் சிவப்பு விளக்கும் எரியவேண்டும்.
7.15 – விசுவமடு. பத்து நிமிடம், சைக்கிளை விட்டு இறங்கி ஒரு வாழைப்பழம்.
8.20 – புதுக்குடியிருப்பு. தண்ணீர் நிரப்ப மட்டும்.
9.45 – முல்லைத்தீவு. 35 நிமிடம், காலைச் சாப்பாட்டின் இரண்டாம் பங்கு.
11.50 – ஒட்டுசுட்டான். 2.00 மணி வரை நிழல்.
3.20 – மாங்குளம். கால் மணித்தியாலம்.
4.30 – முறிகண்டி.
5.15 – கிளிநொச்சி. பொழுதுபடுவது 6.20 அளவில்.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத நேரம் இரண்டு. ஒட்டுசுட்டானிலிருந்து 2.45 இற்குள் புறப்படாதவரும், மாங்குளத்திலிருந்து 4.15 இற்குள் புறப்படாதவரும் சைக்கிளோடு வாகனத்தில் ஏறவேண்டும். இதைப் பெயர் பதியும்போதே எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். களைத்துப்போன ஆளிடம் நடுவழியில் புதிதாகச் சொன்னால் அழுகையும் சண்டையும்தான் மிஞ்சும். காட்டுக்குள் இருட்டில் ஒருவரைத் தேடுவதோடு ஒப்பிட்டால் அந்தச் சண்டை பரவாயில்லை. இருந்தாலும் முன்பே சொல்லிவிட்டால் இரண்டும் வராது.

சைக்கிள்

வன்னியில் பெரும்பாலானோரிடம் இருப்பது இரண்டு வகை: 28 × 1½ ரயர் போட்ட கியர் இல்லாத பெரிய சைக்கிள், 26 அங்குல ரயர் போட்ட கியர் சைக்கிள். இரண்டாலும் இந்தத் தூரம் போகலாம். ஆனால் இரண்டிலும் செய்யவேண்டிய வேலை வேறு.

கியர் இல்லாத சைக்கிளில் முதலில் பாருங்கள் பிறீவீலின் (பின் சில்லின் பல்சக்கரத்தின்) பல்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், மணிக்கு 18 கிலோமீற்றர் போக நிமிடத்துக்கு ஏறக்குறைய 55 தடவை உழக்கவேண்டும். ஒவ்வொரு உழக்கும் பாரமாக இருக்கும். 80 கிலோமீற்றர் தாண்ட முழங்கால் குத்தத் தொடங்குவதற்கு இதுவே காரணம். பின்னால் 22 பல் பிறீவீல் போட்டால் அதே வேகத்துக்கு 67 தடவை உழக்குவீர்கள், ஒவ்வொன்றும் இலேசு. செலவு குறைந்த, பலன் கூடிய மாற்றம் இதுதான். பல் கூடும்போது செயினும் ஓரிரு கண்ணி நீளமாகவேண்டும், இல்லாவிட்டால் பின் சில்லு முன்னுக்கு வந்து மட்காட்டில் முட்டும்.

அடுத்தது குறாங்கை (பெடல் பூட்டிய தண்டை) அச்சோடு பிடிக்கும் கொட்டர் பின். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் காலுக்குக் கீழே ‘டக்’ என்று ஓர் ஆட்டம் தெரிந்தால் அந்தப் பின் தளர்ந்திருக்கிறது. நட்டை மட்டும் இறுக்கினால் புரி அறுந்துபோகும். பின்னை அடித்து உட்கார வைத்துவிட்டுத்தான் நட்டை இறுக்கவேண்டும். புதுப் பின் போட்டால் 20, 30 கிலோமீற்றர் ஓடிய பின் இன்னொரு தடவை அதே வேலையைச் செய்யுங்கள். புதுப் பின் அந்தத் தூரத்துக்குள் கட்டாயம் இளகும். அதனால்தான் ஓட்டத்துக்கு முதல் நாள் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது; மாற்றுவதை இரண்டு கிழமைக்கு முன் மாற்றி, அதோடு 50 கிலோமீற்றராவது ஓடிப் பார்க்கவேண்டும்.

கியர் சைக்கிளில் முள்ளு முள்ளாகக் கட்டை நிற்கும் ரயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான வீதி ரயரைப் போடுங்கள். தார் வீதியில் அந்தக் கட்டைகள் நசிந்து நிமிர்ந்தே உங்கள் பலத்தைத் தின்னும்.

செயின் தேய்மானத்தை அடிமட்டத்தால் அளக்கலாம். ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வைத்து 24 பின் எண்ணினால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். 12 உம் பதினாறில் ஒன்றும் தாண்டினால் செயினை மாற்றுங்கள். 12 உம் எட்டில் ஒன்றும் வந்துவிட்டால் பிறீவீலும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் எழும்பி உழக்கும்போது வழுக்கும்.

காற்று: 65 கிலோ நிறையுள்ள ஆளுக்கு 26 × 1.95 ரயரில் 50 பி.எஸ்.ஐ., 28 × 1½ ரயரில் 50 முதல் 55, மெல்லிய 700 × 28 இல் 80 அளவில். ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டவேண்டாம். பெருவிரலால் அமத்திப் பார்ப்பது அளவு அல்ல. கடையில் மானி உள்ள பம்மால் அடியுங்கள்.

சீற்றின் உயரம்: பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் முழுதாக நீளவேண்டும். விரலடியால் உழக்கும்போது முழங்கால் அப்போது சற்று மடிந்திருக்கும். சீற்றைப் பதித்து வைத்து ஓடுவது வன்னியில் பொதுவான பழக்கம், நின்றால் இரண்டு காலும் நிலத்தில் முட்டவேண்டும் என்பதற்காக. கடைக்குப் போய்வர அது போதும். 130 கிலோமீற்றருக்கு அது முழங்காலின் முன்பக்கத்தை நோகவைக்கும். ஒரே நாளில் உயர்த்தாமல், கிழமைக்கு அரை அங்குலமாக உயர்த்துங்கள்.

வழியில் காற்றுப் போனால்

போகும். மாரி முடிந்த கையோடு வீதிக்கரையெல்லாம் நெருஞ்சி காய்த்திருக்கும், உடைமுள்ளும் கிடக்கும். வாகனத்துக்கு ஒதுங்கிக் கரைக்கு இறங்கும் ஒவ்வொரு தடவையும் ரயரில் ஒன்று ஏறலாம்.

ஒவ்வொருவரும் தன் அளவுக்குரிய ரியூப் இரண்டு, ஒட்டுத் துண்டு, சொலூசன், உப்புக்கடதாசி, ரயர் கழற்ற இரண்டு நெம்பு, சில்லு நட்டுக்குரிய சாவி (பெரிய சைக்கிளில் பெரும்பாலும் 15 மில்லிமீற்றர்) கொண்டுபோகவேண்டும். பழைய வகை வால்வு என்றால் ஓர் அங்குல வால்ரியூப்பும். பத்துப் பேருக்கு ஒரு பம் போதும்.

வெய்யிலில் நின்று ஒட்டுப் போடுவதைவிட ரியூப்பை மாற்றுங்கள், ஒட்டுவதை நிழலில் பார்த்துக்கொள்ளலாம். மாற்றுமுன் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுவார்கள்: முள்ளைத் தேடுவது. ரியூப்பைக் கழற்றும்போது வால்வு ரயரில் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரியூப்பில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து அது எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று பார்த்தால் ரயரிலும் அதே தூரத்தில் முள் இருக்கும். உள்ளே விரல் நுனியை மெல்ல ஓட்டுங்கள், வேகமாக இழுத்தால் விரலில் ஏறும். நெருஞ்சி முள் முறிந்து ரயரின் தடிப்புக்குள்ளேயே நிற்கும். வெளியிலிருந்து தெரியாது, உள்ளே ஒரு சிறு நுனிதான் நெருடும். அதை எடுக்காமல் புது ரியூப் போட்டால் ஐந்து நிமிடத்தில் அதுவும் போகும்.

ஒட்டுவதாயின் உப்புக்கடதாசியால் ரியூப்பின் மினுக்கம் போகத் தேய்த்து, சொலூசனை ஒட்டுத் துண்டைவிடப் பெரிய வட்டமாக மெல்லியதாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிடவேண்டும். ஈரமாக ஒட்டுவதுதான் ஒட்டு கழருவதற்கு முதற்காரணம். மத்தியானம் தங்கும் இடத்தில் சைக்கிளை நிழலில் விடுங்கள். சூடேறிய றிம்மில் புது ஒட்டு இளகிவிடும்.

பழகுவது

பன்னிரண்டு கிழமை. கிழமையில் மூன்று நாள் ஓடுங்கள்: இரண்டு நாள் ஒரு மணித்தியாலம், ஒரு நாள் நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தின் தூரம் கிழமைக் கிழமையாக 30, 40, 50, 35, 60, 70, 50, 80, 95, 60, 40 என்று போகட்டும், பன்னிரண்டாவது கிழமைதான் 130. நடுவே குறைவது தவறுதலாக அல்ல. உடல் பலம் பிடிப்பது அந்த இலேசான கிழமைகளில். 95 ஓடிய ஆள் 130 ஓடுவார். பழக்கத்திலேயே 130 ஓடிப் பார்க்கத் தேவையில்லை.

டிசம்பரில் தொடங்குவதால் மழைக்குள் பழகவேண்டிவரும். நல்ல மழையென்றால் நீண்ட ஓட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். மழையில் ஓடிவந்தால் அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், றிம்மில் ஒட்டிய மண்ணைக் கழுவுங்கள். அந்த மண் பிறேக் கட்டையையும் றிம்மையும் அரம்போலத் தேய்க்கும்.

பழக நல்ல வீதிகள் கிளிநொச்சியைச் சுற்றியே இருக்கின்றன. வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கம் குறுகிய ஓட்டங்களுக்கு. முறிகண்டியிலிருந்து அக்கராயன் வீதி நிழலோடு இருக்கும். பரந்தன் – பூநகரி வீதியில் காற்றுக்கு மறைப்பே கிடையாது. அங்கே மாதம் இரண்டு தடவையாவது ஓடுங்கள். ஒருவர் முன்னே காற்றை வாங்க, மற்றவர் அவரது பின் சில்லுக்கு ஒரு மீற்றர் தள்ளி ஒதுங்கி வர, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வதை அங்கேதான் பழகலாம்.

வன்னி மட்டமான நிலம் என்பதை எல்லோரும் வசதி என்று நினைப்பார்கள். அதில் ஒரு கெடுதி உண்டு. ஏற்றம் இறக்கம் உள்ள ஊரில் ஏற்றத்தில் எழும்பி உழக்குவீர்கள், இறக்கத்தில் காலை ஆறவிடுவீர்கள். இங்கே ஏழு மணித்தியாலமும் ஒரே இருப்பு, ஒரே உழக்கு. பலரை நிறுத்துவது கால்வலியைவிட இருக்குமிடத்து நோவும் கை விறைப்புமே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழும்பி நின்று இருபது உழக்கு. ஹாண்டிலில் கைபிடிக்கும் இடத்தை மாற்றுவது. தோளை உயர்த்தி இறக்குவது. இதைப் பழகும் காலத்திலேயே வழக்கமாக்கினால் ஓட்டத்தன்று தானாக வரும்.

உடுப்பு: பஞ்சு வைத்த சைக்கிள் காற்சட்டை கிடைத்தால் அதற்குள் வேறு உள்ளாடை போடாதீர்கள், தையல் விளிம்புதான் தோலை உரிக்கும். கிடைக்காவிட்டால் இறுக்கமான, நடுவில் தடித்த தையல் இல்லாத காற்சட்டை. ஜீன்ஸ் வேண்டாம். உரசும் இடங்களில் வசலின் அல்லது தேங்காயெண்ணெய் தொடங்குமுன் ஒருமுறை, ஒட்டுசுட்டானில் ஒருமுறை. மேலுக்கு வெள்ளை அல்லது இளநிற முழுக்கைச் சட்டை. சல்வார் போடுவோர் துப்பட்டாவை விட்டுவிட்டு, கால்பக்கத்தைக் கட்டிக்கொள்ளவேண்டும். தலைக்கவசம் இல்லாதவரைத் தொடக்க வரிசையில் விடவேண்டாம், அவர் யாராக இருந்தாலும்.

தண்ணீரும் சாப்பாடும்

ஒரு மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர். ஒரேயடியாகக் குடிக்காமல் பதினைந்து நிமிடத்துக்கு நாலைந்து மிடறு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஆறு லீற்றர் என்று கணக்குப் போடுங்கள்: 40 பேருக்கு 240 லீற்றர், அதாவது 19 லீற்றர் போத்தல் பதின்மூன்று. வழிக்கிணறுகளில் நிரப்புவதை நம்பவேண்டாம். பல இடங்களில் தண்ணீர் கல்லுத்தன்மை, சில இடங்களில் உவர். பழகாத தண்ணீர் வயிற்றைக் குழப்பினால் அன்றைய ஓட்டம் அதோடு சரி.

வெறும் தண்ணீரையே லீற்றர் லீற்றராகக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்புப் போய்விடும், குடித்த தண்ணீர் மிஞ்சிய உப்பையும் ஐதாக்கும். தலையிடி, ஓங்காளம், விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, குழம்பிய பேச்சு இதன் அறிகுறிகள். அந்த ஆளுக்கு மேலும் தண்ணீர் கொடுக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஆகவே குடிப்பதில் பாதியாவது உப்பும் சீனியும் கலந்ததாக இருக்கட்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காய். இது போதும், மலிவும்கூட. ஜீவனி (கடையில் விற்கும் உப்புச் சீனித் தூள்) வாங்கினால் ஒரு பைக்கற்றை ஒரு முழு லீற்றரில் கரைக்கவேண்டும். அரை லீற்றர் போத்தலில் முழுவதையும் கொட்டிக் கரைத்தால் உப்புக் கூடி ஓங்காளிக்கும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர் இதையெல்லாம் தன் வைத்தியரிடம் கேட்டுவிட்டே செய்யவேண்டும்.

சாப்பாட்டில் மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவில் இருக்கும். ஜாம் பூசிய இரண்டு துண்டுப் பாணில் 40. பேரீச்சம்பழம், பனங்கட்டி, எள்ளுருண்டை சட்டைப்பையில் வைக்கத் தோதானவை. பசிக்கமுன் சாப்பிடவேண்டும், பசித்த பின் சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச்சேர அரை மணித்தியாலம் பிந்திவிடும், அதற்குள் தலை சுற்றத் தொடங்கும்.

காலை 5 மணிக்கு இடியப்பமும் சொதியும், அல்லது புட்டும் வாழைப்பழமும். முல்லைத்தீவில் பாண். ஒட்டுசுட்டானில் சோறு என்றால் பாதிக் கோப்பை, பருப்போடும் தயிரோடும். மத்தியானம் கோழிக்கறியோடு வயிறு முட்டச் சாப்பாடு போடுவது அன்பாகத்தான் செய்யப்படும், ஆனால் அதன் பின் மாங்குளம் வரை வீதி மெல்ல உயர்ந்துகொண்டே போகும். அந்தச் சாப்பாட்டை கிளிநொச்சிக்கு மாற்றச் சொல்லுங்கள், ஊரவர் மனம் கோணாமல். ரோல்ஸ், வடை போன்ற எண்ணெய்ப் பலகாரமும் முடிந்த பின்.

வீதியில்

எட்டுப் பத்துப் பேராகக் குழு பிரியுங்கள், குழுவுக்கும் குழுவுக்கும் 200 மீற்றர் இடைவெளி. நாற்பது பேர் ஒரே தொடராகப் போனால் பின்னால் வரும் பஸ் முந்தவும் முடியாமல், முந்தத் தொடங்கினால் நடுவில் ஒதுங்கவும் இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும். அது ஒதுங்கும் பக்கம் நீங்கள்தான். ஏ9 இல் ஒற்றை வரிசை, எந்த நேரமும். ஒவ்வொரு குழுவிலும் முன்னுக்கு ஒருவர், கடைசியில் ஒருவர், இருவரிடமும் கைபேசி. கிடங்கு, மாடு, பின்னால் வாகனம்: முன்னவர் சத்தமாகச் சொல்ல, சொல் ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போகவேண்டும்.

பெப்ரவரி காலபோக (மாரிப் போக) நெல் அறுவடைக் காலம். வீதியின் ஓரத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏறினால் சில்லு வழுக்கும், ஆறு மாத உழைப்பும் மிதிபடும். முன்கூட்டியே பின்னால் பார்த்து விலத்திப் போங்கள். நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களின் பெட்டிக்குப் பின்விளக்கு இருக்கும் என்று நம்பவேண்டாம்.

தார் விளிம்பிலிருந்து கிரவலுக்குச் சில்லு இறங்கிவிட்டால் உடனே ஹாண்டிலை வெட்டி ஏறப் பார்க்காதீர்கள். முன் சில்லு விளிம்போடு உரசி, ஆளை வீதிக்குள்ளேயே வீசும். நேரே ஓடி, வேகத்தைக் குறைத்து, பின்னால் பார்த்து, விளிம்பைக் குறுக்காக வெட்டி ஏறுங்கள்.

சலம் கழிக்கப் பற்றைக்குள் போகவேண்டாம். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. சிவப்புப் பலகையோ சிவப்பு அடையாளக் கட்டையோ உள்ள இடத்தில் வீதியை விட்டு ஓர் அடிகூட வைக்கக் கூடாது. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து ஓடுபவர்களுக்கு இதைத் தொடக்கத்திலேயே தனியாகச் சொல்லுங்கள். தரிப்பிடங்களில் மலசலகூடம் ஒழுங்கு செய்வது, முக்கியமாகப் பெண்களுக்கு, தண்ணீர் ஒழுங்கு செய்வதைப்போலவே கட்டாயம்.

முள்ளிவாய்க்காலைக் கடக்கும்போது ஒலிபெருக்கியையும் ஆரவாரத்தையும் நிறுத்துங்கள். 2009 இல் அங்கே உறவுகளை இழந்தவர்கள் அந்த வீதிக் கரையிலேயே இன்றும் இருக்கிறார்கள். அதைத் தாண்ட வருகிற வட்டுவாகல் பழைய பாலம் ஒடுங்கியது, தண்ணீருக்குக் கிட்டக் கிடப்பது. எதிரே வாகனம் வந்தால் பாலத்துக்கு முன்பே நின்று விட்டுவிட்டு, பிறகு ஒற்றை வரிசையாகப் போங்கள்.

யானை தென்பட்டால் நின்று, திரும்பி, குறைந்தது 200 மீற்றர் பின்னுக்குப் போய், அது முழுதாகக் காட்டுக்குள் போகும்வரை காத்திருங்கள். படம் எடுக்கக் கிட்டப் போகவேண்டாம். ஒன்று கடந்தால் பின்னால் குட்டியோடு இன்னொன்று வரலாம். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரை முன்னே ஓர் ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ போவது நல்லது.

கூட வரும் வாகனமும் வைத்திய உதவியும்

40 பேருக்கு ஒரு பட்டா (சிறிய லொறி) பின்னால் (ஆளும் சைக்கிளும் ஏற்ற), இன்னொன்று முன்னால் (தண்ணீர், சாப்பாடு, ஐஸ் பெட்டி). பின் வாகனத்தில் ஒரு சைக்கிள் திருத்துநர் இருக்கட்டும்: உதிரி ரயர் அளவுக்கொன்று, கம்பிகள், பிறேக் கட்டை, கொட்டர் பின், செயின் கண்ணி. கடைசிக் குழுவுக்கு 50 மீற்றர் பின்னால், அபாய விளக்கு எரிய, வாகனம் மெல்ல வரவேண்டும்.

1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை இலவசம், 2018 முதல் வடக்கிலும் இயங்குகிறது. பொலிஸ் அவசர இலக்கம் 119. இரண்டையும் ஒவ்வொருவரின் இலக்கப் பட்டியின் பின்புறத்தில், வீட்டாரின் தொலைபேசி இலக்கத்தோடும் ஒவ்வாத மருந்தின் பெயரோடும் எழுதுங்கள்.

வெய்யிலால் வரும் களைப்பும் வெய்யில் அதிர்ச்சியும் வேறு. வியர்த்து, தலை சுற்றி, பேச்சுத் தெளிவாக இருந்தால் நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, உப்புச் சீனித் தண்ணீர் கொடுக்கலாம். ஆள் குழம்பிப் பேசினால், நடை தள்ளாடினால், கேட்டதற்கு மறுமொழி பொருந்தாவிட்டால் அது உயிராபத்து. 1990 ஐ அழைத்த கையோடு, வண்டி வரும்வரை காத்திராமல் உடல் முழுவதையும் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கில் ஐஸ். தெளிவில்லாத ஆளின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அனுமதியும் காசும்

இரண்டு மாதத்துக்கு முன் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டச் செயலகங்களுக்கும், வழியிலுள்ள பிரதேச செயலகங்களுக்கும் பொலிஸ் நிலையங்களுக்கும் கடிதம் கொடுங்கள். பாதை, நேரம், ஆட்தொகை, பொறுப்பாளரின் தொலைபேசி என்பன ஒரே பக்கத்தில் அடங்கட்டும். ஏற்றுக்கொண்ட முத்திரையோடு பிரதியை வாங்கி, முன் வாகனத்தில் வைத்திருங்கள். நான்கு வைத்தியசாலைகளுக்கும் திகதியைத் தெரிவியுங்கள்.

நோக்கத்தை எவ்வளவு சிறிதாக, தெளிவாக வைக்கிறீர்களோ அவ்வளவுக்குக் காசு சேரும். ‘கல்விக்கு உதவி’ என்றால் ஆட்கள் யோசிப்பார்கள். ‘தினமும் ஐந்து கிலோமீற்றர் நடந்து பாடசாலை போகும் இருபது பிள்ளைகளுக்குச் சைக்கிள், பூட்டு, பம்’ என்றால் ஒரு சைக்கிளின் விலையைக் கேட்டு ஒருவரே தந்துவிடுவார். கிலோமீற்றர் கணக்கில் வாக்குறுதி வாங்குவது இந்த ஓட்டத்துக்குப் பொருந்தும்: கிலோமீற்றருக்கு 50 ரூபா என்றால் முழுச் சுற்றுக்கு 6,500 ரூபா. ஒருவர் இடையில் வாகனத்தில் ஏறினால் எவ்வளவு என்பதையும் வாக்குறுதித் தாளிலேயே எழுதுங்கள். முழுத் தொகையும் தரச் சம்மதம் என்று ஒரு கட்டம் வைத்தால் பெரும்பாலானோர் அதையே கீறுவார்கள், ஓடுபவருக்கும் ஏலாத நேரத்தில் வாகனத்தில் ஏற மனம் வரும்.

பணம் தனி ஆளின் கணக்குக்கு வரக் கூடாது. பதிவுசெய்த சங்கம் ஒன்றின் பெயரில், இருவர் கையெழுத்திட்டால் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு. காசாகத் தந்தால் தொடரிலக்கம் உள்ள பற்றுச்சீட்டு, பிரதியோடு. தண்ணீர், சாப்பாடு, வாகன எண்ணெய், ரீசேட் ஆகிய செலவை ஊர்க் கடைகளிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் தனியாகக் கேட்டுப் பெறுங்கள், நன்கொடையிலிருந்து ஒரு சதமும் அதற்குப் போகாது என்று முன்கூட்டியே அறிவியுங்கள். புலம்பெயர்ந்தோர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

ஓடி முடிந்து இரண்டு கிழமைக்குள் கணக்கை வெளியிடுங்கள்: வந்த தொகை, பற்றுச்சீட்டு இலக்கம் எதிலிருந்து எதுவரை, வாக்குறுதி தந்தும் இன்னும் வராத தொகை, வாங்கிய சைக்கிளின் விலைச்சீட்டு. பிள்ளைகளின் பெயரையும் முகத்தையும் போடவேண்டாம். பாடசாலையின் பெயரும் அதிபரின் கையெழுத்தும் போதும்.